மரியாதையே போதும், செலவு என்னுடையது

புத்தேயோலித் துறைமுகம்
பிப்ரவரி நடுநாளுக்கு நான்கு நாள் முன்பு

மாப்பிள்ளை புபீதியஸுக்கு தெத்தியஸ் எழுதுவது.

நீர் நலமாக இருந்தால் நல்லது. நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை. முறைக்கு எழுதிவிட்டதாக வைத்துக்கொள்ளும்.

கடல் காற்று வாங்கப் போகிறேன் என்று ஊரில் சொல்லிவிட்டு வந்தேன் அல்லவா? வாங்கி முடித்துவிட்டேன். மூக்கிலிருந்து அது இன்னும் ஒழுகிக்கொண்டிருக்கிறது. நான் தங்கியிருப்பது மீன்சாறு விற்கும் ஒரு விதவையின் மாடியில். முதல் நாள் அறைச்சாவியைக் கொடுக்கும்போதே அவள் கேட்டாள்: “நீங்க எவ்வளவு தின்னீங்க?” காலையில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றேன் என்றேன். “அதைக் கேக்கலைய்யா. ஊர்ப்பணம் எவ்வளவு? பிப்ரவரியில கடலைப் பாக்க வர்றவங்க எல்லாம் அந்த ஆளுங்கதான். போன வருஷம் இதே கட்டில்ல ஒருத்தரு இருந்தாரு. தானியக் கிடங்கு.”

நம் ஊர்க் கணக்கு எழுதும் அடிமை அன்தேரோஸ் ஆள் விட்டுச் சொல்லியனுப்பினான். பேரரசரின் உத்தரவோடு கெமினஸ் என்று ஒரு மேற்பார்வையாளர் நம் கல்வேசாவுக்கு வருகிறாராம், ஐந்து ஆண்டுக் கணக்கைப் பார்க்க. ஐந்து ஆண்டில் ஒன்று நான் ஊர்த்தலைவனாக இருந்த ஆண்டு. அதனால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். உமக்குத் தெரியாததல்ல. ஆனால் நாளைக்கு யாராவது கேட்டால் நாம் இரண்டு பேரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டுமே.

பொதுக் குளியல்மண்டபத்தின் கூரை விழுந்தது. நீர் உம்முடைய செலவில், பதினைந்தாயிரம் செஸ்டர்ஸ் போட்டுப் புதுக் கூரை வேய்ந்து கொடுத்தீர். நான் மன்றத்தைக் கூட்டி உமக்குச் சிலை வைக்கத் தீர்மானம் போட்டேன், பொதுப்பணத்திலிருந்து எட்டாயிரம். இந்த இடத்தில் சிலை வாங்குகிறவன் எழுந்து, “மரியாதையே போதும், செலவு என்னுடையது” என்று சொல்ல வேண்டும். நம் தாத்தாக்கள் காலத்திலிருந்து அதுதான் வழக்கம். மன்றம் பணம் ஒதுக்குவதே அவன் வேண்டாம் என்று சொல்வான் என்கிற தைரியத்தில்தான். நீர் எழுந்தீர். என் காதருகே குனிந்து, “மச்சான், கைல ஒண்ணும் இல்ல” என்றீர். நான், “இப்ப சொல்லும், அப்புறம் பாத்துக்கலாம்” என்றேன். சொன்னீர். கைதட்டினார்கள்.

அப்புறம் பார்த்துக்கொள்கிற நாளும் வந்தது. சிற்பி வாசலில் உட்கார்ந்துகொண்டான். கருவூலப் பெட்டியைத் திறந்து எட்டாயிரத்தைக் கொடுத்துவிட்டேன். இலையுதிர் காலத்தில் உம்முடைய கம்பளி விற்றதும் திரும்ப வைத்துவிடலாம் என்று பேச்சு. கம்பளி ஏறிய கப்பல் மூழ்கிவிட்டது. என் பதவி ஆண்டும் முடிந்துவிட்டது.

இங்கே இரண்டு சட்டம் தெரிந்தவர்களைப் பார்த்தேன். ரோமாபுரியின் பணத்தைத் தொட்டால்தான் பொதுப்பணக் கையாடல், சின்ன ஊரின் பணமென்றால் வெறும் திருட்டு என்றார் ஒருவர். எந்த ஊர்ப் பணமானாலும் ஒரே குற்றம்தான் என்றார் மற்றவர். இரண்டு பேருக்கும் நான்தான் மீன் வாங்கிக் கொடுத்தேன். அந்தக் குற்றத்தின் பெயரே, ஆதிகாலத்தில் பொது மந்தையிலிருந்து ஆடு ஓட்டிப் போனவனுக்கு வைத்ததாம். நாற்பத்தெட்டு வயதில் என்னை ஆட்டுக் கள்ளனாக்கிவிட்டீர்.

என்னிடம் மூவாயிரம் இருக்கிறது, கழுதைக்காரனிடம் கொடுத்தனுப்புகிறேன். மிச்சத்தை எப்படியாவது புரட்டி, கெமினஸ் பெட்டியைத் திறப்பதற்குள் உள்ளே வைத்துவிடும். தங்கச்சி தெத்தியாவிடம் எதையும் சொல்ல வேண்டாம்.

*

கல்வேசா
பிப்ரவரி நடுநாளுக்கு மறுநாள்

மச்சான் தெத்தியஸுக்கு புபீதியஸ்.

கடிதம் வந்தது. மூவாயிரமும் வந்தது. திருப்பி அனுப்பியிருக்கிறேன். எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கெமினஸ் நான்கு நாளுக்கு முன்பே வந்துவிட்டார். வந்ததும் பெட்டிக்கு முத்திரை வைத்துவிட்டார். இனிமேல் அதற்குள் ஒரு காசு போட்டாலும் தெரியும்.

அவர் கணக்கை மட்டும் பார்க்கிறவராக இருந்தால் பரவாயில்லை. கல்லையும் படிக்கிறார். சாப்பாடு முடிந்ததும் மடியில் வறுத்த கொண்டைக்கடலையைக் கட்டிக்கொண்டு சதுக்கத்தில் நடக்கிறார். ஒவ்வொரு சிலையாக நின்று, பீடத்தில் எழுதியிருப்பதை வாய்விட்டுப் படிக்கிறார். நேற்று என் சிலைக்கு வந்தார். நான் எதிரே எண்ணெய்க் கடையில் நின்றிருந்தேன். “குளியல்மண்டபக் கூரையைத் தன் செலவில் மீட்டுக் கொடுத்த புபீதியஸுக்கு நகர மன்றம் வைத்தது. மரியாதையே போதும் என்று சொல்லிச் சிலைக்கான செலவைத் தானே ஏற்றான்.” படித்துவிட்டு இரண்டு கடலை தின்றார். மறுபடி படித்தார். பிறகு அன்தேரோஸைக் கூப்பிட்டு, போன ஆண்டுக் கணக்கில் சிலை என்ற இடத்தை எடுத்துக் காட்டச் சொன்னார்.

“சிலைக்கு, கொடுத்தது, எட்டாயிரம்” என்று அவன் ஒழுங்காக எழுதி வைத்திருக்கிறான். நல்ல கையெழுத்து.

கல் ஒன்று சொல்கிறது, கணக்கு ஒன்று சொல்கிறது, நடுவில் எட்டாயிரத்தை யாரோ தின்றிருக்கிறார்கள் என்பது கெமினஸின் முடிவு. கொடுத்தது யார் என்று கேட்டார். ஊர்த்தலைவர் தெத்தியஸ் என்று அன்தேரோஸ் சொன்னான். அவர் எங்கே என்றார். கடல் காற்று வாங்கப் போயிருக்கிறார் என்றான். கெமினஸ் சிரிக்கவில்லை. எழுதிக்கொண்டார்.

கல்தச்சனிடம் போய் அந்த ஒரு வரியை மட்டும் தேய்த்துவிட முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றான். அது பொதுக் கல்லாம். பொதுக் கல்லின் எழுத்தைத் தொடுகிறவனுக்கும் பொதுப்பணத்தைத் தொடுகிறவனுக்கும் ஒரே சட்டமாம். “நீங்க ரெண்டு பேரும் போறதுன்னா போங்க. என்னை ஏன் கூப்புடுறீங்க?” என்றான்.

தெத்தியாவிடம் சொல்ல வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். அன்தேரோஸ் உங்களுக்குச் சொல்லியனுப்பியதே அவள் சொல்லித்தான். மூன்று நாளாக எனக்குப் பருப்புக் கஞ்சி மட்டும் கிடைக்கிறது.

அந்த வார்த்தையைச் சொல்லச் சொன்னது நீங்கள்.

*

புத்தேயோலி
மார்ச் முதல் நாளுக்குப் பன்னிரண்டு நாள் முன்பு

மாப்பிள்ளைக்கு,

உம்முடைய கடிதத்தைப் படித்துவிட்டு, மூவாயிரத்தையும் எண்ணினேன். சரியாக இருக்கிறது. உம்மிடம் எனக்குப் பிடிக்காதது இதுதான்.

முதலில் நல்ல செய்தி. மூன்றாவதாக ஒரு வக்கீலைப் பிடித்தேன். இவருக்கு மீன் பிடிக்காது, விலாங்குதான் வேண்டுமாம். விலாங்கைத் தின்றுகொண்டே என் கதையைக் கேட்டார். கையைத் துடைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “மன்றம் பணம் ஒதுக்கித் தீர்மானம் போட்டுதா இல்லையா?” போட்டது என்றேன். “அப்ப நீ என்னத்துக்கு ஓடி வந்தே?”

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எட்டாயிரம் கொடுக்கலாம் என்று மன்றமே சொல்லிவிட்டது. சொன்ன பணத்தைச் சொன்ன காரியத்துக்கு நான் கொடுத்திருக்கிறேன். இதில் ஒரு தப்பும் இல்லை. தப்பாகத் தெரிவதற்கு ஒரே காரணம் நீர் எழுந்து சொன்ன அந்த வார்த்தை. செலவை நீர் ஏற்றுக்கொண்டது உண்மையென்றால் நான் கள்ளன். வாயால் சொன்னீரே தவிர ஏற்கவில்லை என்றால், நான் தீர்மானத்தின்படி நடந்த யோக்கியன். அதைச் சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் நீர் ஒருவர்தான். மார்ச் முதல் நாள் மன்றம் கூடுகிறது. அங்கே போய், கெமினஸின் முன்னால், “சொன்னேன், ஆனால் கொடுக்கவில்லை” என்று சொல்லிவிடும். ஒரு வாக்கியம். அதைவிட நீளமாக நீர் எந்தக் காலத்தில் பேசினீர்?

இப்போது கெட்ட செய்தி. கெமினஸ் வழக்குப் போட்டுவிட்டால், தீர்ப்பு வரும்வரை உட்கார்ந்திருக்கிற முட்டாள் எவனும் இல்லை. கப்பல் ஏறிவிடுவதுதான் இங்கே வழக்கம். இத்தாலிக்கு வெளியே, மசிலியாவுக்குப் போகிற சரக்குக் கப்பல் ஒன்று நிற்கிறது. குளிர்காலம் முடிந்து கப்பல் விடத் தொடங்கும் கடல் திறப்பு விழா மார்ச் ஐந்தாம் நாள், மறுநாள் பாய் விரிப்பான். எண்ணெய்ச் சாடிகளுக்கு நடுவில் எனக்கு ஒரு இடம் பிடித்து வைத்திருக்கிறேன். மாலுமி என்னை மேலும் கீழும் பார்த்து, சாடிக்கு வாங்கும் கூலியைவிட இரண்டு மடங்கு கேட்டான்.

போனால் திரும்ப முடியாது என்பது உமக்குத் தெரியும். நெருப்பும் தண்ணீரும் விலக்கப்பட்டவன் என்று அறிவிப்பார்கள். இத்தாலி மண்ணில் எவனும் எனக்கு அடுப்பிலிருந்து ஒரு கங்கு கொடுக்கக் கூடாது, ஒரு குவளை தண்ணீர் ஊற்றக் கூடாது. நான் பாட்டுக்கு ஒரு நாள் உம்முடைய வாசலில் வந்து நின்றாலும் தெத்தியா கதவைச் சாத்த வேண்டும். வீடு, அத்திமரம் எல்லாம் ஏலத்துக்குப் போகும். அந்த அத்திமரத்தைப் பக்கத்து வீட்டு வால்கியஸ் வாங்கிவிடுவான். பத்து வருடமாகச் சுவர் மேல் சாய்ந்துகொண்டு அவன் அதைப் பார்க்கிற பார்வை எனக்குத் தெரியும்.

ஒரு வாக்கியம், மாப்பிள்ளை.

*

கல்வேசா
மார்ச் முதல் நாளுக்கு எட்டு நாள் முன்பு

மச்சான்,

முடியாது.

காரணம் சொல்கிறேன். நான் நீளமாகப் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கு எழுதுகிறேன்.

நான் கம்பளி வெளுக்கிறவன். எங்கள் பட்டறையில் கம்பளி எதில் ஊறுகிறது என்பது ஊருக்கே தெரியும். தெருமுனையில் நாங்கள் வைக்கிற மூத்திரச் சாடியை நிரப்புகிறவர்களே அவர்கள்தான். காலையில் நிரப்புவார்கள், மதியம் என்னைப் பார்த்து மூக்கைப் பிடிப்பார்கள். என் அப்பாவைப் பார்த்தும் பிடித்தார்கள். எனக்குப் பெண் கேட்டு உங்கள் வீட்டுக்கு வந்தபோது நீங்களும் பிடித்தீர்கள். நீங்கள் மறந்திருக்கலாம். சன்னல் ஓரமாகப் போய் உட்கார்ந்தீர்கள்.

சிலை நின்று ஏழு மாதம் ஆகிறது. ஏழு மாதமாக ஒருவரும் மூக்கைப் பிடிக்கவில்லை. வால்கியஸ் சதுக்கத்தில் எனக்கு முதலில் வணக்கம் சொல்கிறார். குளியல்மண்டபத்தில் நான் போனால் பலகையில் நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள். கூரை போட்டதற்காக இது நடக்கவில்லை. கூரையை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. கல்லைப் பார்க்கிறார்கள். தானே செலவை ஏற்றான் என்ற வரியைப் பார்க்கிறார்கள். பெரிய மனிதர்கள் எல்லாரின் கல்லிலும் இருக்கிற வரி அது.

அது பொய் என்று நானே மன்றத்தில் எழுந்து சொல்ல வேண்டுமாம். இனிமேல் மூக்கைப் பிடிப்பதோடு நிற்க மாட்டார்கள், வாயையும் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

இன்னொன்றும் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளுங்கள். நான் சிலை கேட்கவில்லை. தீர்மானம் கொண்டு வந்தது நீங்கள். கல்லின் கடைசி வரி, “தெத்தியஸ் தலைவனாக இருந்த ஆண்டில்.” என் பெயரின் எழுத்து எவ்வளவு உயரமோ, அதே உயரம். கல்தச்சன் சொன்னான், முதலில் அதைச் சின்னதாகத்தான் கோடு போட்டிருந்தானாம். ஒருவர் வந்து பெரிதாக்கச் சொன்னாராம். கூட நூறு செஸ்டர்ஸ் ஆயிற்றாம்.

அந்த நூறும் எட்டாயிரத்தில் சேர்த்தியா, தனியா?

*

புத்தேயோலி
மார்ச் முதல் நாளுக்கு நான்கு நாள் முன்பு

மாப்பிள்ளைக்கு,

சேர்த்திதான்.

மெழுகுப் பலகையில் மூன்று முறை எழுதித் தேய்த்துவிட்டு இது நான்காவது. முதல் முறை உம்மைத் திட்டி எழுதினேன், நன்றாக வந்திருந்தது. இரண்டாவதில் வேடிக்கையாகச் சமாளித்தேன், அது இன்னும் நன்றாக இருந்தது. அதைப் படித்துக் காட்டினேன், மீன்சாறுக்காரியிடம். அவள் கேட்டுவிட்டு, “சிரிப்பு வருது. ஆனா அவரு கேட்டதுக்குப் பதில் வரலையே” என்றாள். வாடகையும் கொடுத்து இதையும் கேட்க வேண்டியிருக்கிறது.

நீர் எழுதியதெல்லாம் உண்மை. ஒரு வருடம் தலைவனாக இருந்தேன். நான் செய்தது என்ன? சந்தையில் தராசை மாற்றினேன், இரண்டு தெருவுக்குக் கல் பாவினேன். யாருக்கும் ஞாபகம் இருக்காது. கல்லில் பெயர் வர வேண்டுமென்றால் யாருக்காவது சிலை வைக்க வேண்டும். அந்த வருடம் ஊரில் சிலை வைக்கிற மாதிரி ஒரு காரியம் செய்தவர் நீர் ஒருவர்தான். உம்மிடம் காசு இல்லை என்று எனக்குத் தெரியும், நீர் காதில் சொல்லும் முன்பே தெரியும். கூரைக்குச் சுண்ணாம்பு வாங்க உமக்குக் கடன் பேசி முடித்ததே நான்தானே.

சன்னல் ஓரமாகப் போய் உட்கார்ந்ததும் ஞாபகம் இருக்கிறது. வெயில் என்று சொன்னேன். அன்றைக்கு வெயில் இல்லை.

அதனால் நீர் மன்றத்துக்குப் போக வேண்டாம். சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். நான் ஆறாம் நாள் ஏறிவிடுகிறேன். ஓடிப் போனவன் குற்றவாளி என்று கெமினஸ் எழுதிக்கொள்வார், வழக்கு என்னோடு முடிந்துவிடும். உம்முடைய கல் அப்படியே நிற்கட்டும். மசிலியாவில் முள்ளு நிறைந்த ஒரு மீன் கிடைக்குமாம், அதைச் சமைக்க எவனுக்கும் தெரியாதாம். பொழுது போகும்.

இரண்டு காரியம். அத்திமரத்தை ஏலத்துக்கு முன்பே வெட்டிவிடும், விறகாக உம்முடைய பட்டறைக்கு ஆகும். வால்கியஸ் பார்க்கிற மாதிரி வெட்டும். இரண்டாவது, தெத்தியாவிடம் என் தாயின் வெள்ளிச் சீப்பு இருக்கிறது, அதை அவளே வைத்துக்கொள்ளட்டும். எனக்குத் தலையில் வேலை குறைந்துவிட்டது.

*

கல்வேசா
மார்ச் முதல் நாளுக்கு மறுநாள்

மச்சான்,

கழுதைக்காரனுக்கு இரட்டைக் கூலி கொடுத்திருக்கிறேன். ஐந்தாம் நாள் இருட்டுவதற்குள் இது உங்கள் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பாதிக் கூலியைத் திருப்பி வாங்குவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

கப்பல் ஏறாதீர்கள்.

உங்கள் கடிதம் நேற்றுக் காலை வந்தது. தெத்தியாவிடம் கொடுத்தேன். படித்தாள், மடித்தாள், “சீப்பு எங்கிட்ட இல்ல. அதை அப்பவே அண்ணன்தான் வித்தாரு” என்றாள். பிறகு, மன்றத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற என் வெள்ளை மேலாடையை எடுத்து வைத்தாள். நான் பட்டறைக்குத்தான் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

மன்றத்தில் எல்லாரும் இருந்தார்கள். கெமினஸ் தலைவர் நாற்காலிக்குப் பக்கத்தில், மடியில் கடலையோடு. நான் பேச அனுமதி கேட்டேன். கொடுத்தார்கள். எழுந்து நின்றதும் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். அன்றைக்கு நீங்கள் பக்கத்தில் இருந்தீர்கள்.

கெமினஸ் கேட்டார்: “சிலைச் செலவை நீங்க ஏத்துக்கிட்டீங்களா இல்லையா?”

“சொன்னேன். கொடுக்கல.”

“ஏன் கொடுக்கல?”

“இல்ல.”

“என்ன இல்ல?”

“காசு. கூரைக்குப் போயிருச்சு.”

பின் வரிசையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். வால்கியஸ் எழுந்தார். என்மேல் இரக்கப்பட்டுப் பேசுகிற மாதிரிதான் ஆரம்பித்தார். “ஏம்ப்பா புபீதியஸ், இதெல்லாம் மன்றத்துல வந்து சொல்ற விஷயமா? எல்லாரும் வழக்கமாச் சொல்றதுதானே?”

கெமினஸ் கடலையை மெல்வதை நிறுத்தினார். “எல்லாருமா?”

வால்கியஸ் உட்கார்ந்துவிட்டார். எழுந்ததைவிட வேகமாக உட்கார்ந்தார்.

“சதுக்கத்துல இந்த வரி போட்ட கல்லு இருபத்துமூணு இருக்கு” என்றார் கெமினஸ். “நான் எண்ணியிருக்கேன். அன்தேரோஸ், பழைய கணக்கு எல்லாம் எங்கே இருக்கு?”

அன்தேரோஸ், கீழ் அறையில் இருக்கிறது, நாற்பது வருடத்துக்கு எடுத்துத் தர முடியும் என்றான். மச்சான், அப்போது அந்த முகங்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கம்பளிக் கப்பல் மூழ்கிய செய்தி வந்த அன்றைக்கு நான் என் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். அதே முகம், இருபது முப்பது பேருக்கு. அப்பா சிலை, மாமனார் சிலை, சொந்தச் சிலை என்று ஆளாளுக்கு ஒன்று சதுக்கத்தில் நிற்கிறதே.

பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தவரே தீர்மானம் கொண்டு வந்தார். அந்த வார்த்தை மன்றத்தில் மரியாதைக்காகச் சொல்லப்படுவது, அது மன்றத்தின் தீர்மானத்தை மாற்றாது, புபீதியஸ் விஷயத்திலும் சரி, இதற்கு முன்னால் உள்ள எல்லார் விஷயத்திலும் சரி. ஒருவர்கூட எதிர்க்கவில்லை. கெமினஸ் இரண்டு கடலை தின்றார். “இதுக்கு முன்னால உள்ளதுக்கு மட்டும். இனிமே எவனாவது எந்திரிச்சுச் சொன்னா, காசைக் கையில வெச்சுக்கிட்டுச் சொல்லட்டும்” என்றார். அப்படியே எழுதினார்கள். உங்கள் கணக்கில், சிலை என்ற வரிக்குப் பக்கத்தில், அவர் கையால் ‘சரி’ என்று போட்டார். நான் பார்த்தேன். அன்தேரோஸையும் பார்க்கச் சொன்னேன்.

என் கல்லில் அந்த வரியை மட்டும் வெட்டி எடுக்க உத்தரவு. மற்ற இருபத்திரண்டு கல்லைப் பற்றி உத்தரவு ஒன்றும் இல்லை. அவர்கள் யாரும் எழுந்து நின்று ஒப்புக்கொள்ளவில்லையே.

இன்று காலை வெட்டினார்கள். நான் பக்கத்தில் நின்றேன். கல்தச்சன், “அந்த எடத்துல வேற ஏதாச்சும் எழுதவா?” என்று கேட்டான். வேண்டாம் என்றேன். நான்கு விரல் அகலத்தில் பள்ளமாகக் கிடக்கிறது. வால்கியஸ் அந்தப் பக்கமாகப் போனார். மூக்கைப் பிடித்துக்கொண்டார். எனக்கு வலிக்கவில்லை என்று எழுத மாட்டேன்.

மதியம் குளியல்மண்டபத்துக்குப் போனேன். போகாமல் இருந்தால் இனிமேல் எப்போதுமே போக மாட்டேன் என்று தோன்றியது. பலகையில் இரண்டு பேர் இருந்தார்கள். வண்டிக்காரர்கள், எனக்குப் பெயர் தெரியாது. ஒருவர் என்னைப் பார்த்ததும் கையை மூக்குக்குக் கொண்டுபோனார். மற்றவர் அவரை முழங்கையால் இடித்து, மேலே கூரையைக் காட்டினார். அவர் அண்ணாந்து பார்த்தார். கையை இறக்கிவிட்டார். நகர்ந்து உட்கார்ந்தார்.

அத்திமரத்தை வெட்டவில்லை.

*

கபுவா சாலையில் ஒரு சத்திரம்
மார்ச் ஏழாம் நாளுக்கு முந்தின நாள்

மாப்பிள்ளைக்கு,

கழுதைக்காரனுக்குக் கொடுத்த இரட்டைக் கூலி வீணாகவில்லை. நேற்று ஊரே கடலில் பூப் போட்டுக்கொண்டிருந்தபோது, நான் மூட்டையோடு துறையில் நின்றிருந்தேன். இவன் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து, “தலைவரே, கப்பல் ஏறக் கூடாதாம்” என்று துறைமுகத்துக்கே கேட்கும்படி கத்தினான். இப்போது புத்தேயோலி முழுக்க எனக்குக் காதலி ஒருத்தி இருக்கிறாள் என்று பேச்சு. நான் மறுக்கவில்லை.

மாலுமி முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை. மசிலியாவுக்கு நான் போகாவிட்டாலும் என் இடம் போகுமாம். மீன்சாறுக்காரியிடம் விடைபெற்றேன். அறையை அதற்குள் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிட்டாள். பாலத்து மரமாம். என்னைவிடப் பெரிய கை என்று கொஞ்சம் மரியாதையாகவே சொன்னாள். போகும்போது ஒரு சாடி மீன்சாறு கொடுத்து, “இது உங்களுக்கு இல்ல. கடிதம் எழுதுறாரே, அவருக்கு” என்றாள்.

உம்முடைய கடிதத்தை வழியில் நான்கு முறை படித்தேன். அதற்குப் பதிலாக எழுத என்னிடம் வேடிக்கை எதுவும் இல்லை. அதனால் ஒரு வேண்டுகோள். கல்தச்சன் உளியோடு இருக்கும்போதே கடைசி வரியையும் வெட்டச் சொல்லும். என் பெயரை. கூலி நான் தருகிறேன், என் சொந்தப் பணம். உம்முடைய பள்ளத்துக்குக் கீழே என் பெயர் மட்டும் பெரிய எழுத்தில் இருப்பதைப் பார்த்தால், கதை தெரியாதவன்கூடக் கண்டுபிடித்துவிடுவான்.

முதுகு வலி. மெதுவாக வருகிறேன். இவன் எனக்கு முன்னால் வந்து சேருவான்.

*

கல்வேசா
மார்ச் நடுநாளுக்கு எட்டு நாள் முன்பு

மச்சான்,

இதை வழியில் உங்கள் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் பெயரை வெட்ட முடியாது. மன்றத்தின் உத்தரவு ஒரு வரிக்குத்தான். இன்னொரு வரியைத் தொட்டால் குற்றம். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க எனக்குத் தெம்பு இல்லை. பெயர் கிடக்கட்டும். நீங்களும் வந்து பாருங்கள். நானும் தினம் பார்க்கிறேன்.

கெமினஸ் நாளைக்குக் கிளம்புகிறார். இன்று மன்றம் கூடி அவருக்கு நன்றி சொல்லிச் சிலை வைக்கத் தீர்மானம் போட்டது, எட்டாயிரம். தீர்மானத்தை வாசித்துவிட்டு எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். நானும் வாசலில் நின்று பார்த்தேன். அவர் எழுந்தார். கடலைத் தோலை மடியிலிருந்து தட்டிவிட்டார். “மரியாதையே போதும்” என்றார். அடுத்த பாதிக்காக எல்லாரும் காத்திருந்தார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, சிலையே வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்.

மீன்சாறு வந்தது. நல்ல சரக்கு.

தெத்தியா காலையிலிருந்து அடுப்பை அணைய விடவில்லை. இரண்டு குடம் தண்ணீர் எடுத்து வைத்திருக்கிறாள். குளிக்க வெந்நீர் வேண்டுமா, பச்சைத் தண்ணீர் போதுமா என்று உங்களைக் கேட்டு எழுதச் சொன்னாள்.